ஏட்டய்யாவின் வலது கை

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

ஆசிரமம் என்று சொல்ல எதுவும் இல்லை. நகரத்தின் தெற்கு ஓரத்தில், வட்டச்சாலைக்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் நடுவே, வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிற ஈச்சங்கழி என்ற சதுப்புநிலம்தான் எல்லாம். உபதேசம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிந்துவிடும்.

குருவின் பெயர் நஸ்ரீன். வருகிறவர்களுக்குப் பறவைகளைச் சொல்லிக் கொடுப்பதும், தை மாதத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பை நடத்துவதும் அவர் வேலை. எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுவார்கள்.

சீடர் ஏகாம்பரம், போக்குவரத்துப் பிரிவில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பதினெட்டு வருடம் அவருக்குச் சதுப்பை ஒட்டிய சந்திப்பில்தான் பணி. பதினெட்டு வருடமும் சதுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். தலைக்கு மேல் கூழைக்கடாக்கள் வரிசையாகப் போகும். நிமிர்ந்து பார்க்கலாம் என்றால் அதற்குள் ஒரு தண்ணீர் லாரி வந்துவிடும். ஓய்வு பெற்றதும் ஒரு நாள் வேலிக்கு உள்ளே வந்து, "இதுக்குள்ள என்னதான் இருக்கு டீச்சர், எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று நின்றார். நஸ்ரீன் அவரை ஏட்டய்யா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

சீடர் கெட்டிக்காரர்தான். ஒரே மாதத்தில் நாற்பது பறவை தெரிந்துகொண்டார். வண்டி எண்ணை ஒரு பார்வையில் மனப்பாடம் செய்த கண் அது. சிக்கல் கண்ணில் இல்லை, கையில் இருந்தது.

பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கையை நீட்டிக் காட்டக் கூடாது. மனிதன் பேசினால்கூடச் சில பறவைகள் பொறுத்துக்கொள்ளும். கை எழும்பினால் பொறுக்காது. அதனால் கடிகார முள்ளை வைத்துத் திசை சொல்வார்கள். நேர் எதிரே பன்னிரண்டு மணி, வலது பக்கம் மூன்று மணி. "ரெண்டு மணியில, நாணலுக்குக் கீழ" என்றால் எல்லோரும் சத்தமில்லாமல் அங்கே திரும்புவார்கள்.

ஏகாம்பரத்துக்கு மணி வாயில் வருவதற்குள் கை மேலே போயிருக்கும். முப்பத்தைந்து வருடம் லாரிகளை நிறுத்திய கை. விரல் விறைத்து, உள்ளங்கை விரிந்து, தோளுக்கு நேராக அப்படி ஒரு கம்பீரத்தோடு எழும்பும். லாரி நிற்கும். பறவை நிற்குமா?

ஆறாவது ஞாயிறு, இருநூறு சீழ்க்கைச் சிறகிகள் தண்ணீரில் இருந்தன. கூட வந்த ஓர் அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். நூற்று நாற்பதாவது வாத்தில் ஏட்டய்யாவின் கை எழும்பியது. அந்த அம்மாள் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அன்றிலிருந்து குழுவில் அவருக்குக் கைகாட்டி என்று பெயர்.

அவரும் சும்மா இருக்கவில்லை. கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுப் பார்த்தார். பை கிழிந்தது. தண்ணீர்ப் புட்டிகள் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கை பையோடு எழும்பியது. துண்டால் மணிக்கட்டை இடுப்போடு கட்டிக்கொண்டு வந்த ஞாயிறு, கூழைக்கடா ஒன்று தென்பட்டது. துண்டு அவிழ்ந்து, கொடி பறந்த மாதிரி அதுவும் மேலே போயிற்று. முன்பைவிட அதிகமான பறவைகள் ஓடின.

"ஐஞ்சுல வளையாதது ஐம்பதுல வளையுமா? இது அறுபது," என்று குழுவில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. சதுப்பை ஒன்பது பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பொறுப்பாளரை வைத்துத்தான் தை மாதம் எண்ணுவார்கள். ஐந்தாம் பகுதி அல்லிக் குட்டை. அதை எண்ணிக்கொண்டிருந்தவர் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். அந்தக் குட்டை தனக்கு வேண்டும் என்று ஏகாம்பரத்துக்கு. பதவி உயர்வுக்குக்கூட அவர் அப்படி ஆசைப்பட்டதில்லை. சந்திப்பில் ஆயிரம் ஆயிரமாக வண்டி போயிற்று, ஒன்றாவது அவருடையதா? இங்கே ஒரு குட்டைத் தண்ணீர், அதில் உள்ளதற்கெல்லாம் தான் பொறுப்பு என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் போதும் என்றிருந்தது.

நஸ்ரீனும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "கை எழும்பாம ஒரே ஒரு காலை நேரத்தை முடிச்சுக் காட்டுங்க ஏட்டய்யா. குட்டை உங்களுக்கு."

பதினான்கு ஞாயிறு போயிற்று. முடியவில்லை.

பதினைந்தாவது ஞாயிறு புரட்டாசியில் வந்தது. அன்றைக்குத்தான் யாருக்கு எந்தப் பகுதி என்று சொல்லப்போகிற நாள். ஏகாம்பரம் ஐந்தரைக்கே வாசலில் நின்றார். முதல் நாள் பெய்த மழையில் சதுப்பு நிரம்பி இருந்தது. தவளைச் சத்தம் காதை அடைத்தது. வடக்கிலிருந்து வரும் உள்ளான் பறவைகள் அந்த வாரம்தான் இறங்கியிருப்பதாகக் கேள்வி.

நஸ்ரீன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இந்தக் கையை எப்படி டீச்சர் அடக்கறது?"

நஸ்ரீன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். அங்கே ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"ஒருத்தர் வந்திருக்காரு, ஏட்டய்யா. இன்னிக்கு நீங்க குழுவோட போக வேணாம். அவரைச் சுத்திக் காட்டிக் கூட்டிட்டு வாங்க."

ஏகாம்பரத்துக்கு முகம் விழுந்துவிட்டது. காவல் துறையில் ஒருவரை ஒதுக்க நினைத்தால் இப்படித்தான் செய்வார்கள். முக்கியமான நாளில் யாரையோ எங்கேயோ கொண்டுபோய் விடுகிற வேலை கொடுப்பார்கள். அவரே எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார். குட்டை போயே போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கேட்ட கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை.

ஆட்டோவிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி. கையில் வெள்ளைக் கோல். இறங்கியதும் கோலை மடித்துத் தோள்பையில் போட்டுக்கொண்டு, காற்றை ஒரு தடவை இழுத்தார்.

"இங்கதான். இதே வாசனைதான்," என்றார்.

"இவர் தேவசகாயம் சார்," என்றார் நஸ்ரீன். "ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டர். வட்டச்சாலைக்கு அந்தப் பக்கம் வீடு. சார், இவர் எங்க ஏட்டய்யா."

"வணக்கம் ஏட்டு சார்," என்றார் தேவசகாயம். "எனக்குப் பன்னெண்டு வயசு வரைக்கும் கண்ணு தெரிஞ்சுது. அதனால செவப்பு, பச்சைன்னு சொன்னா எனக்குப் புரியும். தாராளமா சொல்லலாம்."

ஏகாம்பரம் அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். கண் தெரியாதவருக்குச் சதுப்பில் எதைக் காட்டுவது? அதுவும் காட்டுவதை நிறுத்தத்தான் பதினான்கு வாரம் பாடுபட்டிருக்கிறார்.

"நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்குவேன்," என்றார் தேவசகாயம். "நீங்க என்னைப் பிடிக்க வேணாம். நீங்க அரை அடி முன்னால நடந்தா போதும். பள்ளம் மேடெல்லாம் உங்க கையே சொல்லிடும். வழக்கமா நான் இடது முழங்கையைப் பிடிக்கறது."

"இன்னிக்கு வலது முழங்கையைப் பிடிச்சுக்குங்க சார்," என்றார் நஸ்ரீன்.

அன்று வாத்து எண்ணிய அம்மாள் கூட்டிக்கொண்டு போக, குழு முன்னால் போய்விட்டது. இவர்கள் இருவரும் கரைமேல் மெதுவாக நடந்தார்கள். பின்னால் பத்தடி தள்ளி நஸ்ரீன் வருவது ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது. காவலுக்குக் காவலா என்று நினைத்துக்கொண்டார். எரிச்சலாகத்தான் இருந்தது.

ஐம்பது அடி போவதற்குள் கரையோரம் ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு நின்றது.

"அதோ பாருங்க," என்றார். கை எழும்பிவிட்டது. அதோடு தேவசகாயத்தின் கையும் எழும்பிவிட்டது.

கொக்கு பறந்தது.

"ஏட்டு சார்," என்றார் தேவசகாயம். "ரெண்டு பேரும் சேந்து யாருக்கு சலாம் போட்டோம்?"

ஏகாம்பரத்துக்கு அவமானமாகப் போயிற்று. திரும்பி நஸ்ரீனைப் பார்க்கக்கூட முடியவில்லை. ஆறு மணி பத்து நிமிடத்துக்கெல்லாம் இன்றைய ஞாயிறும் முடிந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். பழக்கம்."

"பரவாயில்ல. போனது யாரு?"

"கொக்கு."

"எப்படிப் போச்சு?"

"பறந்து போச்சு."

"அது எனக்கே கேட்டுச்சே. எப்படிப் பறந்துச்சுன்னு கேக்கறேன்."

ஏகாம்பரம் யோசித்தார். ஆயிரம் கொக்கு பார்த்திருப்பார். எப்படிப் பறந்தது என்று ஒருவர் கேட்டால் வாயில் ஒன்றும் இல்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"நான் எதுக்கு வந்தேன்னு சொல்றேன், கேளுங்க," என்றார் தேவசகாயம். "முப்பது வருஷமா மொட்டை மாடியில உக்காந்து இந்தச் சத்தத்தைக் கேக்கறேன். நாப்பது அம்பது குரல் இருக்கும். ஒருத்தர் பேரும் தெரியாது. லைன்ல கிராஸ் டாக் விழுந்து யார் யாரோ பேசினா எப்படி இருக்கும்? அப்படி. பேசறது யாருன்னு தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான். நீங்க அதோ இதோன்னா நான் திரும்பிப் போக வேண்டியதுதான்."

சொல்லி முடிப்பதற்குள் நாணலுக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"இவன்தான். இவன் யாரு? தினமும் காலையில எழுந்ததும் சண்டை போடறான்."

ஏகாம்பரம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "நீலத் தாழைக்கோழி சார். ஒரு கோழி அளவு இருக்கும். உடம்பெல்லாம் ஊதா கலந்த நீலம். நெத்தியில இருந்து அலகு வரைக்கும் செவப்பு."

"என்ன செவப்பு?"

"சிக்னல் செவப்பு."

தேவசகாயம் சிரித்தார். "அது தெரியும். என்ன செய்யறான்?"

"நாணல் தண்டை ஒண்ணு பிடுங்கறான். இருங்க. ஒத்தைக் கால்ல நிக்கறான். இன்னொரு காலால தண்டைப் பிடிச்சுக்கிட்டான் சார், நம்ம கையால பிடிக்கற மாதிரியே. கரும்பு கடிக்கிற மாதிரி தோலை உரிக்கறான். உள்ள இருக்கற வெள்ளையைத் தின்னுட்டுத் தோலைத் துப்பறான்."

"காலால பிடிச்சா?"

"காலாலதான். நானே இப்பதான் சார் பாக்கறேன்."

இது பொய்யில்லை. தாழைக்கோழியை அவர் முதல் ஞாயிறே பார்த்து, பேர் எழுதி, மேலே போய்விட்டார். அது காலால் பிடித்துச் சாப்பிடுகிறது என்று இத்தனை நாள் கவனிக்கவில்லை. எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இப்போது அவருக்கு அடுத்தது என்ன என்று இருந்தது.

அடுத்தது முக்குளிப்பான். "இது மாடியில கேட்டிருக்கேன், சாயங்காலத்துல சிரிக்கற மாதிரி கத்தும்," என்றார் தேவசகாயம். இரண்டு கைக்குள் அடங்குகிற அந்தச் சின்ன நீர்ப்பறவை தண்ணீருக்குள் முழுகியது. எங்கே எழும்பும் என்று ஏகாம்பரம் தேடினார். தேடியதை வாய்விட்டே சொன்னார்.

"காணோம். இன்னும் காணோம். ஏழு, எட்டு. அங்க இல்ல. பதினொண்ணு. வந்துட்டான் சார், நம்ம கிட்டயே வந்துட்டான். வாயில மீனு."

"பெருசா?"

"அவன் வாய்க்குப் பெருசு. விழுங்க முடியல. தலைகீழாத் திருப்பறான். போச்சு, உள்ள போச்சு. கழுத்துல இறங்கறது தெரியுது சார்."

வயர்லெஸ்ஸில் பேசுகிறவர் மாதிரி அவர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு தடவை, வாக்கியம் முடிந்ததும் "ஓவர்" என்றுகூட வந்துவிட்டது. தேவசகாயமும் விடவில்லை. ஒவ்வொரு குரலுக்கும் ஆளைக் கேட்டார். நாமக்கோழி, உப்புக்கொத்தி, அந்த வாரம் வந்து இறங்கிய உள்ளான் கூட்டம். பேரைக் கேட்டதும் ஒரு தரம் உதட்டுக்குள் சொல்லி வைத்துக்கொண்டார். அவர் ஒன்றைக் கேட்டு முடிப்பதற்குள் ஏகாம்பரம் அடுத்ததைத் தேடினார். கண் தெரியாதவரைவிடக் கண் தெரிந்தவர்தான் அதிகம் அவசரப்பட்டார்.

இப்படியே அல்லிக் குட்டைக்கு வந்துவிட்டார்கள்.

குட்டையின் கரையில் ஆள் மறைவதற்கு ஒரு மூங்கில் தட்டி உண்டு. அதில் பார்ப்பதற்கு இடைவெளி விட்டிருக்கும். இருவரும் அதன் பின்னால் நின்றார்கள். நஸ்ரீன் தட்டியின் மறு முனையில் நின்றுகொண்டார். தனக்குக் கிடைக்காமல் போன குட்டை என்ற நினைப்பு ஏகாம்பரத்துக்கு ஒரு நொடி வந்தது. அதற்குள் தேவசகாயம் முழங்கையை அழுத்தினார்.

"என்ன இருக்கு?"

"தண்ணியே தெரியல சார். முழுக்க இலை. வெள்ளை அல்லி பூத்திருக்கு. தூரத்துல ஒரு நூறு நாமக்கோழி. வலது பக்கம், ரெண்டு மணியில, சிறகி கூட்டம் இருக்கு. இலை மேல ஒரு பறவை நடக்குது. இருங்க. தாமிர இலைக்கோழி."

"இலை மேலயா? முழுகாதா?"

"விரல் அவ்வளவு நீளம் சார், உடம்புக்குப் பொருந்தாத விரல். பாரத்தைப் பரப்பி வெச்சு நடக்குது. கழுத்து கறுப்பு, முதுகு பளபளன்னு பித்தளைச் செம்பு நிறம். கண்ணுக்கு மேல வெள்ளையா ஒரு பட்டை." ஏகாம்பரத்தின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "சார். குஞ்சு இருக்கு."

"எத்தனை?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு. பஞ்சு உருண்டை, அவ்வளவுதான். ஆனா காலு மட்டும் பெரிய ஆளு காலு. இலைக்கு இலை தாவுதுங்க."

"அம்மா கூடவே நிக்குதா?"

"அது அம்மா இல்ல சார், அப்பன். டீச்சர் சொல்லியிருக்காங்க. அம்மா முட்டையை வெச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடும். அதுக்கு நாலு வீடு. அடைகாக்கறது, வளக்கறது எல்லாம் அப்பன் வேலை."

"நல்ல ஏற்பாடு," என்றார் தேவசகாயம்.

அப்போது குட்டையின் அந்தப் பக்கம் நாமக்கோழிகள் கத்தின. தேவசகாயத்தின் தலை விருட்டென்று திரும்பியது.

"என்னமோ வருது. எல்லாரும் பயப்படறாங்க. என்ன அது?"

ஏகாம்பரம் பார்த்தார். சம்புப் புதருக்கு மேலே, தாழ்வாக, அகன்ற இறக்கையை அசைக்காமல் ஒரு பழுப்புப் பறவை வந்துகொண்டிருந்தது.

"பருந்து. சேற்றுப் பூனைப்பருந்து சார். தண்ணியைத் தடவற மாதிரி வருது."

குட்டை கலைந்தது. நாமக்கோழிகள் தண்ணீரில் ஓடி ஓடி எழும்பின. சிறகிகள் மொத்தமாக மேலே போயின. நாலைந்து கொக்கு, எங்கே இருந்ததென்றே தெரியாத ஒரு மடையான் கூட்டம், எல்லாம் பறந்தன. இறக்கைச் சத்தத்தில் தட்டியே அதிர்ந்தது.

"குஞ்சுங்க?" என்றார் தேவசகாயம். அவர் விரல் ஏகாம்பரத்தின் முழங்கையில் புதைந்தது. "அப்பன் பறந்துட்டானா?"

"இல்ல. அப்பன் பறக்கல. நிக்கறான். குட்டி குட்டியா ஒரு சத்தம் குடுக்கறான்."

"கேக்குது, கேக்குது."

"உக்காந்துட்டான் சார், இலை மேல. இறக்கையை லேசா விரிக்கறான். ஒரு குஞ்சு ஓடி வருது. உள்ள போயிடுச்சு. இறக்கைக்கு அடியில போயிடுச்சு சார். ரெண்டாவதும் போச்சு. அந்தப் பக்கத்து இறக்கைக்குள்ள மூணாவது."

"நாலாவது?"

"நாலாவது தள்ளி இருக்கு. வேற இலையில. நடுவுல தண்ணி."

"பருந்து?"

"கிட்ட வந்துடுச்சு. திரும்புது. இந்தப் பக்கம்தான் திரும்புது."

"நாலாவது என்னாச்சு ஏட்டு சார்?"

"நிக்குது. அப்பன் கூப்பிடறான். அவன் எழுந்திரிக்கல, மத்தது மூணும் உள்ள இருக்கே. வா, வாடா கண்ணு. நீந்துது சார். தண்ணியில இறங்கிடுச்சு. பாதி வந்துடுச்சு. வந்துடுச்சு. இலையில ஏறுது, வழுக்குது, மறுபடி ஏறுது. உள்ள போயிடுச்சு சார்."

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. இறக்கையை மூடிட்டான். எழுந்துட்டான் சார்." ஏகாம்பரம் அறுபத்தொரு வயதில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "சார், பத்துக் கால் சார். அவன் காலு ரெண்டு. இறக்கைக்கு அடியில இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, வெளிய தொங்கிக்கிட்டு ஆடுது. பத்துக் காலோட ஒரு பறவை நடந்து போகுது சார்."

தேவசகாயம் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடல. நடக்கறான். சம்புக்குள்ள போறான். பருந்து நேர் மேல வந்துடுச்சு. அப்பன் உள்ள போயிட்டான். தெரியல. சுத்தமா தெரியல. பருந்து ஒரு வட்டம் அடிக்குது. போகுது சார். வட்டச்சாலை பக்கம் போகுது. போயே போச்சு."

இருவரும் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் விட்டது எது, மற்றவர் விட்டது எது என்று பிரிக்க முடியாது. குட்டையில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அலைந்துகொண்டிருந்த இலைகள் மட்டும்தான். பிறகு ஒவ்வொன்றாக நாமக்கோழிகள் திரும்பி வந்தன.

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏட்டு சார், ஒரு சந்தேகம். அத்தனை பறவையும் பறந்துச்சே. அவன் மட்டும் ஏன் பறக்கல?"

"எப்படி சார் பறப்பான்?" என்றார் ஏகாம்பரம். "இறக்கை நிறையக் குஞ்சு இருக்கே."

தட்டியின் மறு முனையிலிருந்து நஸ்ரீன் வந்தார். அவர் கையில் ஒரு பரீட்சை அட்டை இருந்தது. அதில் தாள் செருகி, நூலில் பென்சில் கட்டியிருந்தது. தாளின் மேல் மூலையில் சிவப்பு மையில் ஐந்து என்று எழுதியிருந்தது.

ஏகாம்பரம் அந்த ஐந்தைப் பார்த்தார். தான் இதற்காகத்தான் விடியும் முன்னே வந்து நின்றோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எத்தனை குஞ்சு ஏட்டய்யா?"

"நாலு, டீச்சர்."

நஸ்ரீன் எழுதினார். எழுதிவிட்டு அட்டையை நீட்டினார்.

"இந்தாங்க. அல்லிக் குட்டை."

"டீச்சர், காலையில கொக்குகிட்ட கை எழும்பிடுச்சே. நீங்க பாத்தீங்களே."

"கொக்கு மன்னிச்சிடும். வாங்கிக்குங்க."

ஏகாம்பரம் அட்டையைப் பார்த்தார். ஆசை ஆசையாக இருந்தது. ஆனால் வாங்கவில்லை.

"எப்படி டீச்சர் வாங்கறது? கை ரெண்டும்…"

அவர் குனிந்து பார்த்தார். வலது முழங்கையைத் தேவசகாயம் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பிடியின் மேல் தன் இடது கை கிடந்தது. தேவசகாயத்தின் விரல்களைப் பொத்தி, நரம்பு புடைக்கும்படி அழுத்திக்கொண்டிருந்தது. அது எப்போது அங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது.

"என்னோட ஒரு கை சும்மாதான் இருக்கு. இங்க குடுங்க டீச்சர்," என்று தேவசகாயம் அட்டையை வாங்கிக்கொண்டார். "சத்தம் கேட்டா நான் சொல்றேன். எண்ணறதும் எழுதறதும் ஏட்டு சார் பொறுப்பு."

குட்டையில் சிறகிகள் இறங்கத் தொடங்கின. அத்தனை கிட்டே, அத்தனை கூட்டமாக, சீழ்க்கை அடித்துக்கொண்டு அவை இறங்கி ஏகாம்பரம் பார்த்ததே இல்லை.

நஸ்ரீன் அவரைப் பார்த்தார்.

"காலையில ஒரு கேள்வி கேட்டீங்க ஏட்டய்யா. பதில் இன்னும் வேணுமா?"